சொலானோ கவுண்டி விளைநில வாக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு ஐ-80 நெடுஞ்சாலையில் காரில் போனவர்களுக்கு இந்த இடம் நினைவிருக்கும். வாக்காவில் ஊரின் கடைசிக் கடைகளும் வீடுகளும் கண்ணைவிட்டு மறைந்ததும், இடைவெளியே இல்லாமல் வயல் தொடங்கிவிடும். தக்காளி, வால்நட் தோப்பு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் விளைவிக்கும் அல்ஃபால்ஃபா. பிறகு டிக்ஸன் வரும், மறுபடியும் வயல். ஊர் ஓர் இடத்தில் முடிகிறது, வயல் ஓர் இடத்தில் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் இது அபூர்வமான காட்சி. அந்த ஓரத்தை இந்தச் சொலானோ கவுண்டியின் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம்போல) மக்கள் 1984இல் வாக்குப் போட்டு உருவாக்கினார்கள். அவர்கள் போட்ட சட்டத்துக்கு முடிவு தேதி இருக்கிறது: 2028 டிசம்பர் 31.

சொலானோவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிவருகின்றன. நண்பர்களும் அண்டை வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தச் சட்டம் தொடர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சட்டம் சுருக்கமாக என்ன சொல்கிறது?

விவசாய நிலம், திறந்தவெளி என்று கவுண்டியின் ஜெனரல் பிளானில் குறிக்கப்பட்ட நிலத்தை வீட்டுமனைக்கோ கடை, ஆலைக்கோ மாற்ற வேண்டுமானால், சில விலக்குகள் தவிர, கவுண்டி வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். நகரம் வளர்வதானால் ஏற்கெனவே உள்ள ஏழு நகரங்களுக்குள்ளும் அவற்றை ஒட்டியும் வளரட்டும், நடுக்காட்டில் புது ஊர் எழும்பக் கூடாது என்பதுதான் அதன் உட்பொருள். இங்கே இதை 'ஆர்டர்லி குரோத்' சட்டம் என்பார்கள். ஒழுங்கான வளர்ச்சி என்று பொருள்.

ஜெனரல் பிளான் என்றால்?

ஒரு கவுண்டியோ நகரமோ அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் எங்கே வீடு, எங்கே சாலை, எங்கே வயல் என்று எழுதி, வரைபடத்தில் நிறம் தீட்டி வைத்திருக்கும் அடிப்படை ஆவணம். நம் ஊரில் விளைநிலத்தில் கல் நட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். இங்கே கல் நடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த வரைபடத்தில் நிறம் மாறியிருக்கும். அதனால்தான் இந்தச் சண்டை எல்லாம் வரைபடத்தின்மேல் நடக்கிறது.

நகர வளர்ச்சி எல்லை என்பதும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு. ஊரைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, 'உள்ளே கட்டு, வெளியே உழு' என்று சொல்வது நகர வளர்ச்சி எல்லை. ஆரிகன் மாநிலத்தில் 1973இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி ஒவ்வொரு நகரமும் அப்படி ஒரு கோடு வைத்திருந்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. வேண்டும் என்று நினைக்கும் ஊர்கள் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். சொலானோ கோட்டை மறுபக்கத்திலிருந்து போட்டது: வயலைக் குறித்து, 'இதைத் தொட வேண்டுமானால் எங்களைக் கேள்' என்றது.

இதன் வரலாறு?

1984இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1994இல் புதுப்பிக்கக் கோரி மனு வந்தபோது கவுண்டியை நிர்வகிக்கும் போர்டே அதை ஏற்று 2010 வரை நீட்டியது. 2008 நவம்பரில் 'மெஷர் டி' (Measure T; வாக்குச்சீட்டில் மக்கள் முடிவுக்கு வைக்கும் முன்மொழிவை இங்கே மெஷர் என்பார்கள்) என்ற பெயரில் மறுபடி வாக்குக்கு வந்து, 2028 முடியும்வரை நீண்டது. கடன்பத்திரம்போல ஒவ்வொரு முறையும் தவணை முடியும் தேதியோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

போர்டு உறுப்பினர்களை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்? அவர்கள் முடிவு செய்தால் போதாதா?

போர்டில் ஐந்து பேர். மூன்று கைகள் உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். அந்த மூவர் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் கேட்பவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்த ஆண்டு இல்லையென்றால் அடுத்த தேர்தலுக்குப் பிறகு வருவார். நூறு முறை மறுத்து, ஒரே ஒரு முறை சம்மதித்தால் நிலம் போய்விடும். கான்கிரீட் போட்ட வயல் திரும்பி வந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. திரும்பப் பெற முடியாத முடிவை எல்லோரையும் கேட்டு எடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

இதற்கு உதாரணம் தேடி அதிக தூரம் போக வேண்டாம். நம்மில் பலர் வேலை பார்க்கும் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஆப்ரிகாட், செர்ரி, பிளம் தோப்புகள். 1950இல் சான் ஹோசே 17 சதுர மைல் ஊர், மக்கள்தொகை சுமார் 95,000. அந்த ஆண்டு நகர மேலாளராக வந்த டச் ஹாமன் தோப்பு தோப்பாக நகரத்தோடு சேர்த்துக்கொண்டே போனார். 1969இல் அவர் விலகும்போது ஊர் 130 சதுர மைலைத் தாண்டியிருந்தது. வாக்குச்சீட்டு யாரையும் கேட்காமல், கூட்டம் கூட்டமாகத் தீர்மானம் போட்டே நடந்த வேலை இது. பிற்பாடு சான் ஹோசேயும் தனக்கு ஒரு வளர்ச்சி எல்லை போட்டுக்கொண்டது. அதற்குள் சமவெளியில் தோப்பு என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. இன்று சன்னிவேலில் வசிப்பவர் வீட்டுப் புழக்கடையில் ஒரு பழைய ஆப்ரிகாட் மரம் நின்றால், அது அந்தத் தோப்பின் மிச்சமாக இருக்கக்கூடும்.

2023இல் செய்தித்தாளெல்லாம் சொலானோவைப் பற்றி எழுதியதே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 வாக்கில் ஃபிளானரி அசோசியேட்ஸ் என்ற, யாரும் கேள்விப்படாத நிறுவனம் கவுண்டியின் கிழக்குப் பகுதியில், டிராவிஸ் விமானப்படைத் தளத்துக்கும் ரியோ விஸ்டா ஊருக்கும் இடையே, நிலம் வாங்கத் தொடங்கியது. சந்தை விலையைப் போல் பல மடங்கு கொடுத்தது. யாருடைய பணம், எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. விமானத் தளத்தை ஒட்டிய நிலம் என்பதால் வெளிநாட்டுக் கை இருக்குமோ என்று மத்திய அரசே விசாரிக்கும் நிலை வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 ஏக்கருக்கு மேல், 80 கோடி டாலருக்கு மேல்.

2023 மே மாதம் அந்த நிறுவனம் ஒரு வழக்குப் போட்டது. விற்க மறுத்த, அல்லது விலையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்ட நில உரிமையாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றினார்கள் என்று சொல்லி 51 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்து, கோதுமை விதைத்துவந்த குடும்பங்கள் கூட்டுச்சதி வழக்கில் பிரதிவாதிகளாக நின்றார்கள். சிலர் பின்னர் சமரசம் செய்துகொண்டார்கள். இந்தக் கதை முழுவதிலும் என்னை அதிகம் வருத்திய பகுதி இதுதான். பக்கத்து நிலத்துக்காரரோடு வேலியோரம் நின்று, 'உனக்கு என்ன விலை சொன்னான்?' என்று கேட்பது விவசாயம் தோன்றிய நாள்முதல் இருக்கும் பேச்சு.

அதே ஆண்டு ஆகஸ்டில் திரை விலகியது. கோல்டுமேன் சாக்ஸில் வேலை பார்த்த யான் ஸ்ரமெக் தலைமை. பின்னால் முதலீட்டாளர்களாக மைக்கேல் மோரிட்ஸ், ரீட் ஹாஃப்மன், மார்க் ஆண்ட்ரீசன், லாரீன் பவல் ஜாப்ஸ், கொலிசன் சகோதரர்கள் போன்ற சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரும்புள்ளிகள். 'கலிஃபோர்னியா ஃபாரெவர்' என்ற பெயரில் ஒரு புதிய நகரம் கட்டப்போகிறோம் என்றார்கள்.

அந்த நகரத்துக்கும் வாக்கெடுப்புக்கும் என்ன தொடர்பு?

வாங்கிய நிலம் விவசாய நிலம். ஆர்டர்லி குரோத் சட்டம் குறுக்கே நின்றது. பணம் எவ்வளவு இருந்தாலும் மக்களைக் கேட்காமல் கட்ட முடியாது. எனவே 2024 ஜனவரியில் 'ஈஸ்ட் சொலானோ பிளான்' என்ற மனுவைக் கொண்டுவந்தார்கள். 17,500 ஏக்கரை, அதாவது சுமார் 27 சதுர மைலை, நகரமாக மாற்ற அனுமதி கேட்டது அது. முதல் கட்டத்தில் 50,000 பேர், முழுதாக எழும்பினால் 4 லட்சம் பேர் வரை. கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ நாலரை லட்சம்தான். வீடு வாங்கவும் படிப்புக்கும் சிறுதொழிலுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு 40 கோடி டாலர், பழைய நகரங்களின் கடைவீதிகளைச் சீரமைக்க 20 கோடி டாலர் என்று வாக்குறுதிகளும் சேர்ந்துவந்தன.

வாக்குச்சீட்டில் இடம்பெற 13,062 செல்லத்தக்க கையெழுத்துகள் தேவை. 20,000க்கு மேல் கொடுத்தார்கள். ஜூன் மாதம் மனு தகுதி பெற்றது. நவம்பரில் வாக்கெடுப்பு என்று ஊரே தயாரானது.

பிறகு ஏன் வாக்கெடுப்பு நடக்கவில்லை?

ஜூலை மாதம் கவுண்டி ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. சாலை, தண்ணீர், கழிவுநீர், பள்ளி எல்லாவற்றுக்கும் பல ஆயிரம் கோடி டாலர் ஆகும், யார் தருவது என்பது தெளிவாக இல்லை, கவுண்டியின் நிதியும் பற்றாக்குறைக்குப் போகலாம் என்று அது எச்சரித்தது. சில நாளிலேயே, ஜூலை 22 அன்று, போர்டுத் தலைவர் மிட்ச் மாஷ்பர்னும் ஸ்ரமெக்கும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள்: மனு வாபஸ், முதலில் சுற்றுச்சூழல் ஆய்வு, பிறகு கவுண்டியோடு வளர்ச்சி ஒப்பந்தம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குடிமக்கள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் மனுவுக்கு, வாக்கெடுப்புக்கு முன் முழுச் சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்பது கலிஃபோர்னியா விதி. சாதாரணக் குடிமக்களுக்காக வைத்த சலுகை. அதே சலுகையைப் பெரும் பணமும் பயன்படுத்தலாம். அறிக்கை கைக்கு வருமுன் வாக்கை வாங்கிவிடலாம் என்ற முயற்சியாகத்தான் நான் அதைப் பார்த்தேன். வாக்காளர்கள் இல்லை என்று சொல்லிவிடக்கூடும் என்ற அச்சம் இருந்ததால்தான் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். வாக்கெடுப்பு நடக்காமலேயே இந்தச் சட்டம் செய்த வேலை அது.

அது மோசமான மண், ஒன்றும் விளையாத பூமி என்கிறார்களே?

இதில் பாதி உண்மை. டிக்ஸனைச் சுற்றியுள்ள நிலம் முதல்தரப் பாசன பூமி. 1957இல் கட்டி முடித்த மான்டிசெல்லோ அணையிலிருந்து, பெரியெஸ்ஸா ஏரித் தண்ணீர் புடா தெற்குக் கால்வாய் வழியாக இந்தக் கவுண்டிக்கு வருகிறது. கிழக்கே மான்டெஸுமா குன்றுகள் அப்படி இல்லை. அது மானாவாரி. மழையை நம்பிக் கோதுமையும் பார்லியும், மற்ற நாளில் செம்மறி மேய்ச்சல். அரசின் நிலத் தரவரிசையிலும் பெரும்பகுதி கீழ்ப்படியில்தான் வரும்.

ஆனால் மானாவாரி என்பதற்காகத் தரிசு என்று சொல்லிவிட முடியுமா? மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்தக் குன்றுகளில் ஆடும் மேய்கிறது, அதே நிலத்தில் காற்றாலைகளும் சுழல்கின்றன. டிக்ஸனில் ஆட்டிறைச்சி பதப்படுத்தும் பெரிய ஆலை இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இல்லாவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அருகே ஜெப்ஸன் புல்வெளியில், குளிர்கால மழையில் நிரம்பி வசந்தத்தில் காட்டுப்பூ வளையங்களோடு வற்றும் குட்டைகள் இருக்கின்றன. வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத உயிரினங்கள் அவற்றை நம்பியிருக்கின்றன. தெற்கே சூசூன் சதுப்புநிலம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சட்டம் மண்ணின் தரத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டதல்ல. மனிதர்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதையும் பார்க்கிறது. ரியோ விஸ்டாவுக்குப் போகும் நெடுஞ்சாலை 12 நீண்ட தூரத்துக்கு எதிரெதிரே ஒரே ஒரு தடம் உள்ள சாலை. அதன் நடுவே லட்சக்கணக்கானவர்களைக் குடியமர்த்தினால் சாலை, பேருந்து, மருத்துவமனை எல்லாவற்றையும் அடித்தளத்திலிருந்து எழுப்ப வேண்டும். ஏழு நகரங்களிலும் இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

விமானப்படைத் தளத்துக்கு என்ன கவலை?

டிராவிஸ்தான் கவுண்டியிலேயே அதிகம் பேருக்கு வேலை தரும் இடம். பெரிய சரக்கு விமானங்கள் இரவு பகல் ஏறி இறங்கும். சுற்றிலும் வயல் இருக்கும்வரை சத்தத்துக்கு யாரும் புகார் சொல்வதில்லை. வீடுகள் வந்துவிட்டால் புகாரும் வரும், பறப்பதற்குக் கட்டுப்பாடும் வரும். ஜான் கரமென்டி, மைக் தாம்ப்ஸன் என்ற இரு காங்கிரஸ் உறுப்பினர்கள் இதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார்கள்.

வாபஸுக்குப் பிறகு கதை முடிந்துவிட்டதா?

இல்லை. 2025இல் பாதை மாறியது. சூசூன் நகரம் தன் எல்லையை விரித்து அந்த நிலத்தை நகரத்தோடு சேர்த்துக்கொள்வது பற்றிப் பேச்சு தொடங்கியது. கூடவே பெரும் தொழிற்பூங்கா, கப்பல் கட்டும் தளம் என்ற திட்டங்களும் அறிவிக்கப்பட்டன.

நகரத்தோடு சேர்த்தால் இந்தச் சட்டம் பொருந்தாதா?

இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆர்டர்லி குரோத் கவுண்டியின் சட்டம். எந்த நகரத்துக்குள்ளும் வராத நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒரு நகரம் அந்த நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால், அன்றிலிருந்து அந்த நகரத்தின் விதிகள்தான். கவுண்டி முழுவதும் வாக்குப் போட வேண்டிய தேவை போய்விடும்.

சேர்க்கையைத் தீர்மானிப்பது லாஃப்கோ என்ற ஆணையம். 1963 மாநிலச் சட்டத்தால் ஒவ்வொரு கவுண்டியிலும் அமைந்தது. நகரங்கள் தாறுமாறாகப் பரவுவதைத் தடுப்பதும் விளைநிலத்தைக் காப்பதும் அதன் கடமைகளில் சேர்த்தி. இதில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: சேர்க்கப்படும் நிலத்தில் பதிவான வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால், அதை 'மக்கள் வசிக்காத நிலம்' என்று கணக்கிடுவார்கள். அங்கே மறுப்பைப் பதிவுசெய்யும் உரிமை நில உரிமையாளருக்கு மட்டும்தான். ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே நிறுவனம் வைத்திருக்கும் இடத்தில் இதன் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

எனவே கவுண்டி வாக்கெடுப்பு மட்டும் போதாது. நகர மன்றக் கூட்டங்களையும் லாஃப்கோ விசாரணைகளையும் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

கோடு போட்டால் வீட்டு விலை ஏறாதா? நாங்களே விலை தாங்காமல்தானே இங்கே வந்தோம்?

நியாயமான கேள்வி. ஃப்ரீமான்டில் வாங்க முடியாமல் ஃபேர்ஃபீல்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன், அந்த வலி எனக்குத் தெரியும். நிலத்தின் அளவைக் கட்டிப்போட்டு, உள்ளேயும் கட்டவிடாமல் தடுத்தால் விலை ஏறத்தான் செய்யும். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆரிகனில் இதற்காகவே இன்னொரு விதியைச் சேர்த்தார்கள்: கோட்டுக்குள் அடுத்த 20 ஆண்டு வீட்டுத் தேவைக்குப் போதுமான நிலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோட்டை நகர்த்து அல்லது உள்ளே நெருக்கமாகக் கட்ட அனுமதி கொடு.

எனக்கு வருத்தம் தருவது, விளைநிலத்தைக் காப்போம் என்று கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள், மறுவாரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு மாடி அபார்ட்மென்ட் வந்தால் எதிர்த்துப் பேசுவது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. வயலைக் காக்கிறவர் ஊருக்குள் மாடி கட்டுவதை ஆதரிக்கத்தான் வேண்டும். மூடிக்கிடக்கும் கடை வளாகங்கள், பாதி காலியான பார்க்கிங் திடல்கள் வலேஹோவிலும் ஃபேர்ஃபீல்டிலும் கண்ணெதிரே கிடக்கின்றன. குழாயும் கம்பியும் ஏற்கெனவே போட்ட மண் அது.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். தொலைவில் கட்டிய மலிவு வீட்டின் விலையில் பெட்ரோல் சேராது, தினமும் ஐ-80இல் கழியும் மூன்று மணிநேரம் சேராது. அது நாம் தனியாகக் கட்டும் தவணை.

என் நிலம், என் உரிமை. ஊரார் வாக்குப் போட்டு என் சொத்தின் மதிப்பைக் குறைக்கலாமா?

விவசாயிகளில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வராது. பிள்ளைகள் விவசாயத்துக்கு வரவில்லை, முதுமைக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அந்த நிலம் என்றால் வேறெப்படிக் கேட்பார்கள்?

சட்டத்தின் பதில் இது. பக்கத்திலிருக்கும் நாப்பா கவுண்டியில் 1990இல் 'மெஷர் ஜே' என்று இதே வகைச் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. ஜெனரல் பிளானை மக்கள் வாக்கால் மாற்றலாம், பூட்டும் வைக்கலாம் என்று 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தில் எந்தப் பயனும் செய்ய முடியாதபடி ஆக்கினால் அது பறிமுதல். தொடர்ந்து விவசாயம் செய் என்பது பொதுவாகப் பறிமுதல் ஆகாது. 2008இல் நாப்பா தன் சட்டத்தை 2058 வரை நீட்டிக்கொண்டது.

ஆரிகனில் இந்தச் சண்டை இருமுறை வாக்குச்சீட்டுக்கு வந்தது. 2004இல் 'மெஷர் 37': கட்டுப்பாட்டால் மதிப்பு குறைந்தால் ஈடு கொடு, இல்லையேல் விலக்குக் கொடு. ஈடு கொடுக்க எந்த அரசிடமும் பணம் இல்லாததால் விலக்குகள் குவிந்தன, வயல் நடுவே மனைப்பிரிவுகள் வரும் நிலை. மூன்றே ஆண்டில், 2007இல், 'மெஷர் 49' மூலம் மக்களே அதைப் பெருமளவு சுருக்கினார்கள்.

காசாகவும் ஓரளவு வழி இருக்கிறது. 1965இன் வில்லியம்சன் சட்டப்படி, பத்தாண்டு விவசாயமே செய்வேன் என்று ஒப்பந்தம் போட்டால், நிலவரி சந்தை மதிப்பின்படி இல்லாமல் விளைச்சல் மதிப்பின்படி வரும். நில அறக்கட்டளைகள் கட்டிட உரிமையை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்வதும் உண்டு. விவசாயி கையில் பணமும் நிற்கும், நிலமும் நிற்கும். இதற்குப் பொதுப்பணம் இன்னும் அதிகம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வேறெங்கெல்லாம் இப்படி இருக்கிறது?

தெற்கே வென்ச்சுரா முன்னோடி. எலுமிச்சை, ஸ்ட்ராபெரி, அவகாடோ விளையும் கவுண்டி. 1995இல் வென்ச்சுரா நகரம் தொடங்கியது, 1998இல் கவுண்டியும் பல நகரங்களும் சேர்ந்துகொண்டன, 2016இல் 2050 வரை நீட்டித்தார்கள். நகரமும் கவுண்டியும் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டது அங்கே. சொலானோவில் எல்லா நகரங்களிலும் அந்த இரண்டாவது பூட்டு இல்லை. நம் பக்கத்து ஊர் டேவிஸில் 2000ஆம் ஆண்டிலிருந்து, ஊரோரத்து விளைநிலத்தில் வீடு கட்டும் பெரிய திட்டம் ஒவ்வொன்றும் வாக்காளரிடம் வர வேண்டும். பல தோற்றிருக்கின்றன, சில வென்றும் இருக்கின்றன. வாக்கெடுப்பு என்றாலே தடை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

2028க்குப் பிறகு புதுப்பிக்காவிட்டால் மறுநாளே வயலெல்லாம் மனையாகுமா?

ஆகாது. வரைபடத்தில் விவசாய நிறம் அப்படியே இருக்கும். ஆனால் அதை மாற்ற வாக்காளர் தேவையில்லை, போர்டில் மூன்று பேர் போதும். பூட்டுத்தான் போகும், கதவு உடனே திறந்துவிடாது.

புதுப்பிக்க இரண்டு வழி: போர்டு தானாகவே வாக்குச்சீட்டில் வைக்கலாம், அல்லது மக்கள் கையெழுத்து சேகரித்துக் கொண்டுவரலாம். கடைசி ஆண்டுவரை காத்திருப்பது ஆபத்து. எந்தத் தேர்தலில் வைக்கிறார்கள் என்பதும் முக்கியம், கூட்டம் குறைவாக வரும் தேர்தலில் முடிவு யார் பக்கமும் சாயலாம்.

'ஆம்' போட வேண்டுமா, 'இல்லை' போட வேண்டுமா?

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாதுகாப்பைப் புதுப்பிக்கும் மெஷருக்கு 'ஆம்' என்றால் வயல் நிற்கும். ஒரு திட்டத்துக்கு நிலத்தை விடுவிக்கும் மெஷருக்கு 'ஆம்' என்றால் வயல் போகும். இரண்டின் தலைப்பிலும் வீடு, வேலை, பசுமை என்று நல்ல சொற்களே இருக்கும். சாதாரணப் பெரும்பான்மை போதும், ஒரு வாக்கு வித்தியாசத்திலும் நிறைவேறும்.

தேர்தலுக்கு முன் தபாலில் வரும் கையேட்டில் கவுண்டி வழக்கறிஞரின் நடுநிலை விளக்கம் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு ஆதரவு, எதிர்ப்பு வாதங்களின் அடியில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடை வாசலில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

மனுத்தாளின் மேலே அதிகாரபூர்வத் தலைப்பும் சுருக்கமும் அச்சிட்டிருக்க வேண்டும். நிதானமாக வாசியுங்கள், வாசிக்க விடாமல் அவசரப்படுத்தினால் நகர்ந்துவிடுங்கள். கையெழுத்து வாங்குபவர் பலமுறை கூலிக்கு வேலை செய்பவர், வெயிலில் நிற்கிறவர், அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாயால் சொல்வது மனுவில் இருப்பதாக ஆகிவிடாது. பதிவான வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம்.

எனக்குக் குடியுரிமை இல்லை, எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்?

வாக்குப் போட முடியாது, மனுவில் கையெழுத்திடவும் முடியாது. பேச முடியும். கலிஃபோர்னியாவில் 1953இலிருந்து இருக்கும் பிரவுன் சட்டப்படி, கவுண்டி போர்டு, நகர மன்றம், லாஃப்கோ எதுவானாலும் கூட்டத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும். குடிமகனா, விசா என்ன என்று கேட்க மாட்டார்கள். பெயர் சொல்வதுகூட உங்கள் விருப்பம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். போர்டுக் கூட்டம் ஃபேர்ஃபீல்டில், டெக்சஸ் தெருவில் உள்ள கவுண்டி அலுவலகத்தில் நடக்கும். ஆங்கிலம் தடுமாறினால் எழுதிக்கொண்டுபோய் வாசிக்கலாம். முதல் தடவை நானும் அப்படித்தான் காகிதத்தைக் கையில் பிடித்து வாசித்தேன்.